எலா ஃபிட்ஸ்ஜெரால்டு தொகுப்பு: 1989ஐ விட்டுவிடாதே

அன்புள்ள தம்பிக்கு,

ஜாஸ் பாடகி எலா ஃபிட்ஸ்ஜெரால்டின் வாழ்நாள் பாட்டுகளை எல்பி (வினைல் இசைத்தட்டு) தொகுப்பாக்க நீ அனுப்பிய பாடல் வரிசை 1938இல் தொடங்கி 1964இல் நின்றுவிடுகிறது. அவர் முதல் இசைத்தட்டுக்குப் பாடியது 1935 ஜூனில், டிரம்மர் சிக் வெப்பின் குழுவோடு, 18 வயதில். கடைசி ஆல்பம் 1989இல். 54 வருஷப் பாட்டில் பாதியைக் காணோமே!

ஏன் என்று தெரிகிறது. டெக்கா, வெர்வ் என்ற இசைத்தட்டு நிறுவனங்களுக்கு அவர் பாடிய பதிவுகள் இரண்டும் இன்று யுனிவர்சல் கையில் இருக்கின்றன. பின்னாளில் பாப்லோ நிறுவனத்துக்குப் பாடியவற்றின் உரிமை கான்கார்டு நிறுவனத்திடம். இன்னொரு கதவைத் தட்ட வேண்டும். தட்டு. 1973இல் ஜோ பாஸின் ஒற்றை கிட்டாரோடு பாடியது இல்லாமல் இது வாழ்நாள் தொகுப்பு ஆகாது.

1930களின் அரக்குத் தட்டுகளை எல்பி ஊசியால் எடுக்காதே. மெல்லிய அந்த ஊசி பள்ளத்தின் அடிவரை இறங்கி, அங்கே தேங்கிய தூசியைச் சுரண்டும். தடித்த 3 மில் ஊசி போடு (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஸ்டீரியோவில் எடுத்து இரு பக்கத்தையும் கூட்டி மோனோ ஆக்கினால் மேல்-கீழ் அதிர்வின் இரைச்சல் நன்றாக அடங்கும். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் 77 கோடு போட்ட ஸ்ட்ரோப் அட்டையைச் சுழலும் தட்டின் மேல் வைத்து 78 சுற்று வேகம் பார்; விளக்கொளியில் கோடுகள் அசையாமல் நின்றால் வேகம் சரி. பிறகு குழுவின் பியானோவோடு சுருதி ஒத்துப்போகிறதா என்று கேள். வேகம் 6 சதவீதம் கூடினால் அரை ஸ்வரம் ஏறி, குரல் சிறுபிள்ளைக் குரலாகிவிடும். இரைச்சல் நீக்கும் மென்பொருளைக் கொஞ்சமாகவே தொடு. முதலில் காணாமல் போவது டிரம்மின் பிரஷ் ஒலி, அடுத்து அவர் மூச்சு.

டேப்பில் ஒரு எச்சரிக்கை. 1970களின் நடுவிலிருந்து வந்த சில டேப்புகள் ஈரம் இழுத்துப் பிசுபிசுக்கும். அவற்றை 54 டிகிரி செல்சியஸ் சூட்டில் மணிக்கணக்கில் வைத்துக் காப்பாற்றலாம். 1950களின் அசிட்டேட் (ஒருவகை பிளாஸ்டிக்) டேப்பை அப்படி வைத்தால் பாழாகிவிடும். சுருளை விளக்குக்கு எதிரே பிடித்துப் பார், வெளிச்சம் ஊடே தெரிந்தால் அசிட்டேட்.

1960 பிப்ரவரி 13, பெர்லின் கச்சேரி கட்டாயம் வேண்டும். 'மேக் த நைஃப்' பாட்டில் வரி மறந்துபோய், தாளம் தப்பாமல் அந்த இடத்திலேயே புது வரி கட்டிப் பாடுகிறார், நடுவில் ஜாஸ் பாடகர் லூயி ஆர்ம்ஸ்ட்ராங்கின் குரலைப் போலவும்! கைதட்டலைச் சட்டென்று வெட்டாதே. நாலைந்து விநாடி இறங்க விட்டு, பிறகே அடுத்த பாட்டு.

1989 குரலில் நடுக்கம் அகலம், மேல் ஸ்தாயி மெலிவு. சுருதி திருத்தும் கருவியை அதன் பக்கமே கொண்டுபோகாதே. அந்தக் குரலில் சொல் ஒவ்வொன்றும் எங்கே விழ வேண்டுமோ அங்கேதான் விழுகிறது. 54 வருஷம் பாடிய கணக்கு அது.

வரிசை காலக்கிரமமாகவே இருக்கட்டும். ஒரே சிக்கல், எல்பியில் உள்வட்டத்துக்குப் போகப் போக ஊசிக்கடியில் பள்ளம் ஓடும் வேகம் பாதிக்கும் கீழே இறங்கும். 'ஸ்' ஓசை கிழியும். காலக்கிரமத்தில் 1989 குரல் கடைசிப் பக்கத்தின் உள்வட்டத்தில்தான் வந்து விழும். மற்ற பக்கங்களை 20 நிமிஷம் வரை நிரப்பு. கடைசிப் பக்கத்தை மட்டும் 14 நிமிஷத்தில் நிறுத்திவிடு, லேபிளை நெருங்கும் முன்பே அவர் பாடி முடித்திருப்பார்.

அன்புடன்,
அண்ணன்