முல்லைத்தீவில் விழுந்த கல்

வெள்ளவத்தை,
கொழும்பு.

அன்பின் நண்பனுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி தணிந்ததா?

சென்ற வாரம் அக்காவின் மகன் வந்திருந்தான். ரஷ்யாவில் மருத்துவம் படித்தவன். புளியங்கொட்டை அளவு கல் ஒன்றை என் கையில் வைத்தான். 2013 பெப்ரவரி 15 காலையில் செல்யாபின்ஸ்க் பக்கத்து வானில் வெடித்த விண்கல்லின் துண்டு! வெளிப்புறம் அடிப்பிடித்த சட்டியைப் போலக் கறுப்பு. உடைந்த பக்கம் சாம்பல் நிறம். அதில் கடுகு கடுகாய்ச் சிறு உருண்டைகள். ஏறத்தாழ 456 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்தப் பூமி திரள்வதற்கும் முன்னால், உருகி உறைந்த துளிகள் அவை. இரவு வெகுநேரம் அதைக் கீழே வைக்க மனமில்லை.

அன்று ஒளியைக் கண்டவர்கள் ஜன்னலோரம் ஓடிவந்து நின்றார்களாம். அதிர்வலை வந்து சேர ஓரிரு நிமிடங்கள் பிடித்தன. கண்ணாடிகள் நொறுங்கிச் சுமார் 1,500 பேருக்குக் காயம், உயிர்ச்சேதம் இல்லை. பிறகு வெண்பனியில் துளை தேடித் தேடி ஊரார் கல் பொறுக்கியிருக்கிறார்கள்.

உனக்கு எழுத உட்கார்ந்த காரணம் வேறு. விண்கல்லுக்கு அது விழுந்த ஊரின் பெயரையே வைப்பார்கள். அந்தப் பெயர்ப் பட்டியலைப் பார்த்துக்கொண்டு போனபோது உன் ஊர் வந்தது: முல்லைத்தீவு, 1795. ஒல்லாந்தர் காலம் முடியும் தறுவாய். வானிலிருந்து கல் விழும் என்று ஜெர்மானியரான கிளாட்னி நூல் எழுதி ஓராண்டுதான் ஆகியிருந்தது. அறிஞர் பலர் அதை ஏற்கவில்லை. 1803இல் பிரான்சின் லேக்ல் என்ற ஊரில் ஆயிரக்கணக்கில் கற்கள் கொட்டிய பிறகே பெரும்பாலோர் ஒப்புக்கொண்டார்கள். அதற்கு எட்டு ஆண்டு முன்னரே உங்கள் மண்ணில் ஒன்று விழுந்துவிட்டது. அந்த ஊர்ப் பெயரைப் போர்ச் செய்திகளிலேயே படித்துப் பழகிய எனக்கு, வானத்தின் கணக்கேட்டில் கண்டதும் கண் கலங்கிவிட்டது.

உன் அப்பாச்சி சொன்ன பழங்கதைகளில் வானத்து நெருப்பு, இடிமுழக்கம் என்று ஏதாவது வந்ததா? யோசித்து எழுது.

இங்கே கடற்காற்று ஜன்னல் கம்பியையே தின்கிறது. கல்லுக்குள் இரும்பு இருப்பதால் அதுவும் துருப்பிடிக்கும். ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு இறுக்கமான சிறு போத்தலில் அடைத்து வைத்திருக்கிறேன். தைப்பொங்கலுக்கு வருவாய் அல்லவா? நீ வந்ததும் திறப்போம்.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்