பாப்பாவுக்கு, பாம்பனிலிருந்து

பாம்பன்,
தை 14

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் நலம். வாடைக் காற்று இன்னும் அடங்கவில்லை. அப்பாவின் முழங்கால் வலியும் அடங்கவில்லை. சின்னவன் வெள்ளிக்கிழமை ரயிலில் வருகிறான், அவனிடமே இந்தக் கடிதத்தையும் கொடுத்து அனுப்புகிறேன். போன் போட்டால் மீட்டிங் என்கிறாய், ராத்திரி போட்டால் தூக்கம் என்கிறாய். கடிதம் என்றால் பையில் கிடக்கும், எப்போது தோன்றுகிறதோ அப்போது படி.

முதலில் நல்ல சேதி. மாமாவின் வண்டிக் கடனைக் கட்டச் சொல்லி வசூல்காரர்கள் போடும் போன் பதினோரு நாளாக இல்லை. எனக்கும் இல்லை, சின்னவனுக்கும் இல்லை. உனக்கும் இருக்காது என்றுதான் நினைக்கிறேன். வந்தால் மறைக்காதே, என்னிடம் சொல். மாப்பிள்ளை போனுக்கு வந்தாலும் சொல்.

ஒரு ரூபாய் போட்டுவிடாதே. "ஐந்நூறு ரூபாயாவது போடுங்கள் மேடம், இந்த மாசம் உங்களை விட்டுவிடுகிறோம்" என்று தேனாகப் பேசுவான். ஐந்நூறு போட்டால் அடுத்த மாதம் ஆயிரம் கேட்பான். அது உன் கடன் இல்லை.

போன மாதம் இங்கே பட்ட பாட்டைச் சொல்கிறேன். ஒரு செவ்வாய்க்கிழமை மட்டும் பதினான்கு தடவை அடித்தார்கள். முதல் போன் காலை 6.10, கடைசி போன் இரவு 9.40. சத்துணவில் முட்டைக் கணக்கு எழுதிய பழைய நோட்டில் பாதிப் பக்கம் மிச்சம் கிடந்தது. அதில் கோடு போட்டு, தேதி, நேரம், நம்பர், பேசியது ஆணா பெண்ணா, சொன்ன வார்த்தை என்ன என்று வரிசையாக எழுதினேன். கெட்ட வார்த்தையைக்கூட அப்படியே எழுதினேன், கை கூசியது. இருபத்தாறு வருஷம் ஒரு முட்டை பிசகாமல் கணக்கு வைத்தவளுக்கு இது என்ன வேலை!

அப்பா ஒருநாள் போனை எடுத்துவிட்டார். அவருக்குத்தான் காது கேட்காதே. ஐஸ் கம்பெனிக்காரன் என்று நினைத்துக்கொண்டு, "நாளைக்கு நாலு பார் போதும், காத்து சரியில்ல" என்றார். அந்தப் பையன் அங்கே வாய்க்கு வந்ததைத் திட்ட, இவர் "நாலு பாருய்யா, நாலு பார்" என்று கத்த, கடைசியில் அவனே வைத்துவிட்டான். நான் அடுப்படியில் உட்கார்ந்து சிரித்தேன். சிரித்து முடித்ததும் அழுகை வந்தது. அது கிடக்கட்டும்.

அப்புறம்தான் ராமநாதபுரம் போனேன். கோர்ட்டில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு என்று ஒன்று இருக்கிறது, தெரியுமா? பெண்களுக்கு அங்கே வருமானம் எவ்வளவு என்ற கேள்வியே கிடையாது, இலவசமாகவே வக்கீல் தருகிறார்கள். எனக்கு வந்தது உன் வயசுப் பெண். மாமா பரணில் போட்டுவிட்டுப் போன பையை அப்படியே தூக்கிக்கொண்டு போயிருந்தேன். வண்டி லோன் தாள் முழுக்க அதில்தான் இருந்தது. ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் பார்த்தது அந்தப் பெண். "இதில் ஜாமீன்தாரர் என்று கையெழுத்துப் போட்டிருப்பது வேற ஆளும்மா" என்றது. மாமாவின் கூட்டாளிதான் போட்டிருக்கிறான். ஜாமீன் போட்டவனிடம் கேட்கலாமாம், கடன் வாங்கியவனுக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவு அவனுக்கும் உண்டாம், 1872-லேயே போட்ட ஒப்பந்தச் சட்டமாம். ஆனால் ரெஃபரன்ஸ் என்று நம்பர் மட்டும் இருப்பவர் ஒரு பைசாவுக்கும் பொறுப்பில்லை. ஆளைத் தெரியுமா என்று விசாரிக்கத்தான் அந்த நம்பர். அதை வைத்து ஆபீசுக்குப் போன் போட்டு மானத்தை வாங்க இல்லை.

ரிசர்வ் வங்கியே 2022 ஆகஸ்டில் எழுதிக் கொடுத்துவிட்டதாம். காலை எட்டு மணிக்கு முன்னால், மாலை ஏழு மணிக்குப் பின்னால் வசூலுக்குப் போன் செய்யக் கூடாது. கடன் வாங்கியவரின் குடும்பத்தையோ, ரெஃபரன்ஸ் நம்பர்காரரையோ, சிநேகிதரையோ தொந்தரவு பண்ணக் கூடாது. வசூலுக்கு வேறு ஏஜென்சியை வைத்தாலும் அவன் பேசுகிற பேச்சுக்குக் கடன் கொடுத்த கம்பெனிதான் பொறுப்பு. என் நோட்டைப் பார்த்த வக்கீல் பெண், "நீங்களே பாதி வேலையை முடிச்சிட்டீங்களேம்மா" என்றது. எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. நீ பக்கத்தில் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இரண்டு கடிதம் எழுதினோம். ஒன்று என்னுடையது: இன்னின்ன தேதியில் இன்னின்ன நேரத்தில் இன்னின்ன நம்பரிலிருந்து பேசினார்கள், நாங்கள் யாரும் ஜாமீன் இல்லை, எங்கள் நம்பர்களை எடுத்துவிடுங்கள் என்று. இன்னொன்று மாமா எழுதியது. ஆமாம், மாமாதான். கொல்லத்தில் ஒரு போட்டில் வேலை பார்க்கிறார். புது நம்பரைக் கண்டுபிடிக்க சின்னவன் மூன்று நாள் அலைந்தான். "கடன் என்னுடையது, இனி என்னிடம் மட்டும் பேசவும், மாதம் மூவாயிரம் கட்டுகிறேன்" என்று தாளில் எழுதி, போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். எழுத்து அப்படியே நான்காம் வகுப்பில் நான் கைபிடித்து எழுதச் சொல்லிக்கொடுத்த எழுத்து. "கடன்" என்பதில் இரண்டு புள்ளி வைத்திருக்கிறார்.

இரண்டையும் கம்பெனியின் குறைதீர்க்கும் அதிகாரிக்கு ஒப்புகை அட்டையோடு ஸ்பீட் போஸ்டில் போட்டேன். பதிவுத் தபாலை அதோடு சேர்த்துவிட்டார்கள், காசு கூடத்தான் ஆகிறது. முப்பது நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குப் போடலாம், செலவில்லை, 14448 என்ற நம்பரில் கேட்டாலே விவரம் சொல்வார்கள் என்று வக்கீல் சொல்லியிருந்தது. அதுவரை போகவில்லை. அட்டை திரும்பி வந்த மறுநாளே போன் நின்றது. அட்டையைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

ஆகவே உனக்குப் போன் வந்தால் பயப்படாதே. பெயர் என்ன, எந்த ஏஜென்சி, கம்பெனி கொடுத்த அத்தாட்சிக் கடிதம் எங்கே என்று இந்த மூன்றைக் கேள். பதிவு செய்து வை. நேரத்தை எழுதி வை. "சரி", "பார்க்கிறேன்" என்று வாய்தவறிக்கூடச் சொல்லாதே. ஒரு ரூபாய் போடாதே. உன் போனில் லோன் தருகிற ஆப் ஏதாவது கிடந்தால் எடுத்துப் போடு. நீ அதெல்லாம் வைத்திருக்கமாட்டாய், சும்மா சொல்கிறேன்.

மாமாவைப் பற்றி நீ பேசிய பேச்சு எனக்கு மறக்கவில்லை. "அந்த ஆள் இனிமேல் என் வாசலை மிதிக்கக் கூடாது" என்றாயே. தாய்மாமன், பாப்பா. அவர் மடியில் உட்கார்ந்துதான் நீ காது குத்திக்கொண்டாய், கத்திய கத்தில் அவர் சட்டைப் பித்தானைப் பிய்த்தாய். கூடாத காலம் அவருக்கு. குட்டியானை வண்டி வாங்கி மதுரைக்கு மீன் ஏற்றலாம் என்று நினைத்ததில் தப்பென்ன? ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை அறுபத்தொரு நாள் தடைக்காலம், போட்டு போகாது, மீன் இல்லை. டியூவுக்குத் தடைக்காலம் உண்டா? அப்புறம் இலங்கைப் பக்கம் ஆட்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று இந்தப் பக்கம் ஸ்டிரைக், அது ஒரு மூன்று வாரம். நான்கு டியூ விழுந்ததும் வண்டியைச் சீஸ் பண்ணிக்கொண்டு போனார்கள். ஏலத்தில் வந்த விலைக்கு விற்றுவிட்டு, மிச்சத்துக்கு நீதான் பாக்கி என்றார்கள். வண்டியும் போய், கடனும் நின்றது. இதையெல்லாம் நீ கேட்கவே இல்லை. படித்தவள், கேட்டிருக்க வேண்டாமா?

உன்னைக் குறை சொல்லி என்ன. ஆபீசில் எல்லோர் முன்னாலும் போன் வந்தால் யாருக்குத்தான் கோபம் வராது. மாப்பிள்ளை போனுக்கும் போயிருக்கிறது என்று சின்னவன் சொன்னான், நீ சொல்லவில்லை. சம்பந்தி அம்மா ஏதாவது சொன்னார்களா? சொல்லியிருந்தால் நீ எழுதமாட்டாய். உங்கள் வீட்டுச் சங்கதி உங்களோடு.

அந்த வக்கீல் பெண் ரெஃபரன்ஸ் பக்கத்தைத் திருப்பி என் பக்கம் தள்ளியது. "இந்த நம்பர் யாருதும்மா?" என்றது. உன் நம்பர். பத்து இலக்கத்தில் இரண்டு ஏழு. இரண்டு ஏழுக்கும் நடுவில் குறுக்கே ஒரு கோடு. ஒன்றுக்கும் ஏழுக்கும் குழப்பம் வரக்கூடாது என்று ஸ்டாக் நோட்டில் அப்படிப் போட்டுப் பழகினவள் இந்தப் பாம்பனில் நான் ஒருத்திதான்.

நான்தான் எழுதினேன், பாப்பா. மாமா இல்லை. ஏஜெண்ட் பையன் நம் திண்ணையில் உட்கார்ந்து, "மாசச் சம்பளக்காரங்க நம்பர் ஒண்ணு இருந்தா லோன் சீக்கிரம் பாஸாகும்" என்றான். மாமா, "அவளக் கேட்டுக்கிட்டுப் போடலாம்க்கா" என்றார். நான்தான், "எம் பொண்ணு, அவள என்ன கேக்குறது" என்று பேனாவை வாங்கி எழுதினேன். சென்னையில் கம்பெனியில் வேலை என்று அந்தப் பையனிடம் பெருமை வேறு அடித்தேன். உனக்குச் சொல்ல வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. மூன்று மாதமாக நீ மாமாவைத் திட்டும்போதெல்லாம் நானும் கூடச் சேர்ந்து, "ஆமா, அவன் புத்தி அப்படித்தான்" என்றேன். போனில் என் வாயால் சொன்னேன்.

கொல்லத்திலிருந்து பேசும்போது அவரிடம் கேட்டேன், ஏண்டா நீ அவளிடம் உண்மையைச் சொல்லவில்லை என்று. "என் மேல ஏற்கெனவே இருக்கிற பாரத்தோட இதும் கெடக்கட்டும்க்கா, நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டிருக்கணும்ல" என்றார். நாம் பேசிக்கொண்டா இருக்கிறோம்?

அப்பாவுக்கு இது தெரியாது. நானே சொல்லிக்கொள்கிறேன். அவர் இன்றைக்கும் "உன் தம்பி, உன் தம்பி" என்றுதான் வலையைக் கோத்துக்கொண்டே முணுமுணுக்கிறார்.

நகரைக் கருவாடு இரண்டு கிலோ வைத்திருக்கிறேன். உப்பு குறைவாகப் போட்டு நானே காயவைத்தது, ஃபிரிட்ஜில் வை. சம்பந்தி அம்மாவுக்கு வாடை பிடிக்காது, டப்பாவை இறுக்கி மூடு. கருப்பட்டி மாப்பிள்ளைக்கு. சின்னவனை ஒரு நாளாவது தங்கவை, புதுப்பாலத்தில் ரயில் போகிற வீடியோவைக் காட்டக் காத்துக்கொண்டிருக்கிறான், எத்தனையாவது தடவையோ.

பொங்கலுக்கு நீ அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பானையைப் பிடித்திருக்கிற இடது கையில் கண்ணாடி வளையல் மட்டும் இருக்கிறது. மாமா போட்ட வளையல் இல்லை. தேயும் என்று கழற்றி வைத்திருப்பாய். அப்படியே இருக்கட்டும், நான் ஒன்றும் கேட்கவில்லை. ரசீது என்று ஏதாவது இருந்தால் தொலைத்துவிடாதே. திருப்ப வேண்டிய தேதியையும் தொகையையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, காலி டப்பாவுக்குள் போட்டு, சின்னவனிடம் கொடுத்துவிடு. அவன் திறந்து பார்க்கமாட்டான்.

அம்மா