குழந்தைகளுக்குத் தைக்கும் போர்வை எப்படி இருக்க வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஐப்பசி பிறந்துவிட்டால், தாளவாடி, பர்கூர், கடம்பூர் மலைப்பகுதிகளில் விடுதிகளில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளுக்குப் போர்வை கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் ஈரோட்டில் என்னைப் போன்ற பலருக்கும் வந்துவிடுகிறது. 'தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்' என்று சமவெளியில் இருக்கும் நாமே சொல்லும்போது, மலையில் வெறும் தரையில் பாய் விரித்துப் படுக்கும் பிள்ளைகளின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால், அந்த நல்ல எண்ணத்தோடு நாம் கொண்டுபோய்க் கொடுக்கும் போர்வை, வாங்கிக்கொள்ளும் பிள்ளைக்கு உண்மையில் பயன்படுகிறதா என்று நாம் கேட்டுப் பார்ப்பதில்லை. நானும் முதலில் கேட்கவில்லை.

எங்கள் தெருவில் ஆறு பெண்கள் சேர்ந்து, துண்டுத் துணிகளை ஒட்டி, உள்ளே பஞ்சு வைத்து, கையாலேயே பதினொரு போர்வைகள் தைத்து ஒரு விடுதிக்குக் கொடுத்தோம். இரண்டு மாதம் கழித்து அங்கே போனபோது, துணி துவைக்கும் அம்மா அவற்றில் ஒன்றை எடுத்து வந்து என் மடியில் விரித்தார். பஞ்சு முழுவதும் ஒரு மூலையில் கட்டி கட்டியாகத் திரண்டிருந்தது. "பிள்ளைங்க படுத்தா முதுகுல கல்லு மாதிரி உறுத்துதுங்க அக்கா" என்றார். நாங்கள் ஆசையாக வைத்துத் தைத்த சிவப்புத் துணியின் சாயம், கூடவே ஊறவைத்த பள்ளிச் சட்டைகளிலும் ஏறியிருந்தது. அவர் குறையாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அதன்பிறகு பஞ்சை விட்டுவிட்டோம். ஐந்தரை மீட்டர் நூல் புடவையை நான்காக மடித்தால், ஒன்றேகால் மீட்டருக்குச் சற்று மேல் நீளமும் ஏறத்தாழ அதே அகலமுமாக நான்கு மடிப்பு கிடைக்கிறது; எட்டு வயதுப் பிள்ளைக்கு அது போதும். பல முறை துவைத்த புடவை என்பதால் இனிச் சுருங்காது, மிருதுவாகவும் இருக்கும். பிறந்த குழந்தையைப் பாட்டியின் பழைய புடவையில் கிடத்துகிற நம் வழக்கத்தில் இருப்பதும் இந்த அறிவுதான். பிகாரில் பழைய புடவைகளை அடுக்கிச் சிசுவுக்குத் தைக்கிற சுஜனியும் இதே வழிதான். ஆனால் மேலும் கீழும் வெளியே தெரிகிற துணி புதிதாக இருக்க வேண்டும் என்பதில் நாங்கள் பிடிவாதமாக இருக்கிறோம். அமெரிக்காவில் 1995-இல் தொடங்கப்பட்ட 'ப்ராஜெக்ட் லைனஸ்' என்ற தொண்டு அமைப்பும், குழந்தைகளுக்கு வரும் போர்வை புதிதாக, கையால் செய்ததாக, துவைக்கத் தக்கதாக இருக்க வேண்டும் என்றே கேட்கிறது. பிறர் கழித்துப் போட்டது தனக்கு வந்திருக்கிறது என்று ஒரு பிள்ளை நினைக்க நாம் இடம் கொடுக்கக் கூடாது.

புதுத் துணியைத் தைப்பதற்கு முன்பே ஓர் இரவு நீரில் ஊறவைத்து, சாயம் போகிறதா என்று பார்த்துவிடுகிறோம். எல்லா மடிப்புகளையும் சேர்த்து நான்கு விரல் இடைவெளியில் ஓட்டுத் தையல் போட்டால், எத்தனை முறை முறுக்கிப் பிழிந்தாலும் உள்துணி நகராது. பாலியெஸ்டர் துணியை மட்டும் தயவுசெய்து தவிர்க்க வேண்டும். குளிரில் பிள்ளைகள் போர்த்திக்கொண்டே அடுப்படியில் உட்காருவார்கள், பொறி பட்டால் அது உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கைக்குழந்தைகள் உள்ள இல்லங்களுக்குப் பாசிமணியும் பொத்தானும் வைத்த கனத்த போர்வைகளை அன்போடு கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு வயது நிரம்பாத குழந்தை உறங்கும் இடத்தில் தளர்வான போர்வை இருந்தால், அது முகத்தை மூடி மூச்சுத் திணறலை உண்டாக்கலாம் என்று குழந்தை நல மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். ஆகவே அந்த வயதுக் குழந்தைகளுக்கு நாங்கள் போர்வை தைப்பதில்லை. துடைக்கவும் இடுப்பில் கட்டவும் உதவும் மெல்லிய நூல் துணிகளை விளிம்பு அடித்துக் கொடுக்கிறோம்.

ஜவுளி ஊரான ஈரோட்டில் துணிக்குப் பஞ்சமில்லை. தையற்கடைகளிலும் படுக்கை விரிப்பு தைக்கும் கூடங்களிலும் தினமும் கழியும் நூல் துணித் துண்டுகளில் உள்ளங்கைக்குப் பெரியவற்றைத் தனியே ஒரு பையில் போட்டு வைத்தால், தைப்பதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். கல்லூரிகளின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களும் ஓட்டுத் தையலை ஒரே நாளில் கற்றுக்கொள்ள முடியும். விடுதிப் பொறுப்பாளர்களிடம் என் வேண்டுகோள், எத்தனை பிள்ளைகள், என்ன வயது, துணி எப்படித் துவைக்கப்படுகிறது என்பதைக் கொடுக்க வருபவர்களிடம் தயங்காமல் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்பதே.

இந்த ஆண்டு அதே விடுதியில் இருபத்து நான்கு பிள்ளைகள் இருக்கிறார்கள். பதினேழு போர்வைகள் முடிந்துவிட்டன. மார்கழி பிறப்பதற்குள் மீதி ஏழையும் தைத்துவிடுவோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஈரோடு.