அமாலியா யார் பக்கம்?

அன்புள்ள மகளுக்கு,

உன் மெயில் வந்தது. புது வீட்டில் வெயில் நன்றாக வருகிறது என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். அப்பாவுக்கு சுகர் கட்டுக்குள்தான் இருக்கிறது. வாக்கிங் போகச் சொன்னால் மட்டும் வழக்கம்போல மழை வரும் என்கிறார். மற்றபடி கவலைப்பட ஒன்றுமில்லை.

கடைசியில் போகிற போக்கில் ஒரு விஷயம் எழுதியிருந்தாயே, அதற்குத்தான் இந்த நீண்ட பதில். ஆபீஸில், ஃபாடு என்ற போர்ச்சுகல் சோகப் பாட்டுக்குப் பேர்போன அமாலியா ரோட்ரிகஸின் பாட்டை நீ போட்டதும் ஒருவர் முகத்தைச் சுளித்து, "சலாசரின் பாட்டுக்காரியா?" என்று, அந்த நாட்டை ஆண்ட பழைய சர்வாதிகாரியின் பெயரைச் சொல்லிக் கேட்டாராம். நீயும் பாட்டை நிறுத்திவிட்டாயாம். நிறுத்தியது சரி, வேலை செய்கிற இடத்தில் எதற்கு வம்பு. ஆனால் அதற்குப் பிறகு கேட்கவே மனசு வரவில்லை என்று எழுதியிருக்கிறாயே, அதுதான் எனக்கு ஒப்பவில்லை. ஆயுசு முழுக்க வரலாற்றுப் பாடம் எடுத்தவளின் மகள், ஒருத்தர் சொன்ன ஒரு வார்த்தையை வைத்துத் தீர்ப்பு எழுதலாமா?

அவர் சொன்னதில் அடிப்படையே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. 1949இல் அமாலியா பாரிஸிலும் லண்டனிலும் பாடியதற்குப் பின்னால் அரசாங்கப் பிரச்சார இலாகா இருந்தது. 1958இல் பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சியில் அவருக்கு விருதுப் பதக்கம் கொடுத்தவர் மார்செலோ கயேத்தானோ. பத்து வருஷம் கழித்து சலாசர் படுத்த படுக்கையானதும் அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தாரே, அதே கயேத்தானோதான். வெளிநாட்டுக்காரர்களுக்குப் போர்ச்சுகல் என்றால் அமாலியாவின் முகம் என்று ஆகிவிட்டது, அது ஆட்சிக்கு வசதியாக இருந்தது. இதையெல்லாம் மறைக்க வேண்டியதில்லை.

சரி, இப்போது மறுபக்கத்தையும் பார். அமாலியா 1920இல் பிறந்தவர். பதிவேட்டில் ஜூலை 23 என்று இருக்கிறது, அவர் பிறந்தநாள் கொண்டாடியது ஜூலை 1. செர்ரிப் பழக் காலத்தில் பிறந்தவள் என்று பாட்டி சொல்லிவைத்ததுதான் கணக்கு. நம் ஆச்சிகூட என்னை ஐப்பசி அடைமழையில் பெற்றதாகத்தானே சொல்வார், தேதி கேட்டால் தெரியாது. பெற்றோர் பிழைப்புக்காக லிஸ்பன் வந்து, சரிப்படாமல் ஃபுண்டாவ் பக்கம் சொந்த ஊருக்கே திரும்பிவிட்டார்கள். கைக்குழந்தை பாட்டியிடம் நின்றுவிட்டது. ஒன்பது வயதில் பள்ளிக்கூடம், பன்னிரண்டில் அதுவும் நின்றது. பிறகு எம்பிராய்டரி வேலை, மிட்டாய் ஃபேக்டரி, அல்காந்தரா துறைமுகப் பக்கம் பழக்கூடை. தங்கை செலஸ்ட்டும் பாடகிதான், தொண்ணூறைத் தாண்டியும் மேடை ஏறினவர். அக்கா பெயரின் வெளிச்சத்தில் அவரைப் பலருக்குத் தெரியாமல் போனது எனக்கு ஒரு குறைதான், அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

1939இல் 'ரெத்திரோ தா செவேரா' என்ற ஃபாடு விடுதியில் அமாலியா தொழில்முறையாகப் பாட ஆரம்பித்தார். இங்கேதான் உன் ஆபீஸ்காரர் மறந்துவிட்ட ஒன்று வருகிறது. 1926இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது, மறு வருஷமே ஒரு சட்டம் வந்தது. ஃபாடு பாடிச் சம்பாதிக்க லைசென்ஸ் அட்டை வேண்டும். பாட்டு வரிகளை முன்கூட்டியே தணிக்கைக்குக் கொடுக்க வேண்டும். அதற்கு முன் தொழிலாளர்கள் கூலி உயர்வையும் வேலைநிறுத்தத்தையும் ஃபாடாகப் பாடிக்கொண்டிருந்தார்கள், அது அப்படியே அடங்கிப்போனது. ஆக, அமாலியா மேடை ஏறியபோது லிஸ்பனில் பாடிய ஒவ்வொருவரும் அரசாங்க முத்திரையோடுதான் பாடினார்கள். அந்த முத்திரையை வைத்து ஆளை எடைபோட்டால் ஒருவர்கூடத் தேறமாட்டார்.

அவர் எதைப் பாடத் தேர்ந்தெடுத்தார் என்று பார்ப்பதுதான் நியாயம். 'பார்கோ நெக்ரோ' உனக்குப் பிடித்த பாட்டு. அதன் மெட்டு பிரேசிலுடையது, முதலில் எஜமானன் பிள்ளையை வளர்க்கும் கறுப்பின அடிமைத் தாயைப் பற்றிய பாட்டு. போர்ச்சுகலில் அந்த வரிகளுக்குத் தடை. தவீத் மொராவ்-ஃபெரெய்ரா என்ற கவிஞர் அதே மெட்டுக்கு, கடலுக்குப் போனவனுக்காகக் கரையில் காத்திருக்கும் பெண்ணின் வரிகளை எழுதிக் கொடுத்தார். அமாலியா அதை ஒரு பிரெஞ்சுப் படத்தில் பாட, அங்கிருந்து 1956இல் பாரிஸ் ஒலிம்பியா மேடை வரை வழி திறந்தது.

அதே கவிஞர் எழுதிய இன்னொன்றுதான் 'அபந்தோனோ'. 1962இல் வந்த 'புஸ்து' இசைத்தட்டில் இருக்கிறது, உறையில் அமாலியாவின் மார்பளவுச் சிலை இருக்கும், அதனால் அந்தப் பெயர். கவனிக்காமல் கேட்டால் பிரிவுத் துயரம் என்று தோன்றும். நீ இப்போது மொழி படிக்கிறாய், வரியைக் கேள். சுதந்திரமாக நினைத்த குற்றத்துக்காக உன்னை எங்கோ தூரத்தில் அடைத்துவிட்டார்கள், என் புலம்பல் எட்டாத தூரத்தில், அங்கே உனக்குக் கேட்பதெல்லாம் காற்றும் கடலும்தான் என்று போகிறது. காற்றும் கடலும் மட்டும் கேட்கிற சிறை எது என்று லிஸ்பனில் எல்லோருக்கும் தெரியும். பெனிஷ் கோட்டை, அரசியல் கைதிகளை அடைத்த இடம். கம்யூனிஸ்ட் தலைவர் அல்வாரோ குன்யால் இன்னும் ஒன்பது பேரோடு அங்கிருந்து தப்பியது 1960 ஜனவரியில், அந்தப் பரபரப்பு அடங்கும் முன்பே இந்தப் பாட்டு வெளிவந்தது. ஜனங்கள் அதற்கு 'பெனிஷ் ஃபாடு' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். சலாசரின் பாட்டுக்காரி பாடுகிற பாட்டா இது?

அந்தத் தட்டில் அமாலியாவுக்கு மெட்டுப்போட வந்தவர் அலேன் ஊல்மன், லிஸ்பன் பக்கம் பிறந்த பிரெஞ்சு யூதக் குடும்பத்துப் பிள்ளை. அவருடைய மெட்டுகளைக் கேட்டு, பழைய ஃபாட்டிலேயே ஊறிய கிதார்க்காரர்கள் "வா, ஓபராவுக்குப் போகலாம்" என்று கிண்டலடித்தார்களாம். 1965இல் இருவரும் காமோயிஷ் கவிதைகளை ஃபாடாகப் பாடிக் காட்டியபோது, தேசிய மகாகவியைக் கள்ளுக்கடைப் பாட்டாக்குவதா என்று படித்தவர்களே கொதித்தார்கள். மறு வருஷம் ரகசியப் போலீஸ் ஊல்மனைக் கைது செய்து நாடு கடத்தியது. அமாலியா அரசாங்கத்துக்கு வேண்டியவர் என்றால் அதோடு அந்த மனுஷனைக் கைகழுவியிருப்பார் அல்லவா? 1970இல் வந்த 'கோம் கே வோஸ்' தட்டை எடுத்துப் பார். எல்லாப் பாட்டுக்கும் இசை ஊல்மன்.

போன வருஷம் நாம் லிஸ்பனின் பழைய பகுதியான அல்ஃபாமாவில் அந்தச் சின்ன ஃபாடு வீட்டுக்குப் போனோமே. சாப்பாட்டுக்கு நடுவே விளக்கைக் குறைத்தார்கள், பரிமாறுகிறவர் தட்டோடு சுவர் ஓரம் அப்படியே நின்றுவிட்டார். பன்னிரண்டு கம்பி கிதார்க்காரர் விரலில் நகம் மாட்டிக்கொண்டு ஒரு இழுப்பு இழுத்தார். அந்தப் பெண் கறுப்புச் சால்வையை இரண்டு கையாலும் பிடித்து, கண்ணை மூடி, தலையைப் பின்னால் சாய்த்துப் பாடினாள். கறுப்பு உடையில், வாத்தியக்காரர்களுக்கு முன்னால் வந்து நின்று பாடும் அந்தத் தோரணையை எல்லோர் மனசிலும் பதியவைத்தவர் அமாலியாதான். இன்றைக்கு யார் பாடினாலும் அவர் நின்ற மாதிரியே நிற்கிறார்கள். உன் ஆபீஸ்காரருக்குப் பிடித்த இளம் பாடகியும் அப்படித்தான் நிற்பாள், வேண்டுமானால் கவனித்துப் பார்க்கச் சொல்.

1974 ஏப்ரல் 25 புரட்சி வந்து அந்த ஆட்சி கவிழ்ந்ததும் கதை தலைகீழானது. ஃபாடு, ஃபாத்திமா மாதா பக்தி, ஃபுட்பால் மூன்றையும் வைத்து சலாசர் ஜனங்களைத் தூங்கவைத்தார் என்பது அப்போதைய பேச்சு. அமாலியா ரகசியப் போலீஸுக்கு ஆள் காட்டினவர் என்றுகூட வதந்தி கிளம்பியது. புரட்சிக்கு அடையாளச் செய்தியாக வானொலியில் ஒலித்த 'க்ராந்தொலா' பாட்டை அவரும் அந்த வருஷம் பாடிப் பதிவு செய்தார். உண்மையைச் சொல்கிறேன், அது எனக்கு ரசிக்கவில்லை, சாட்சிக் கூண்டில் நின்று பாடுவது போல இருக்கிறது. ஆனால் அரசியல் கைதிகளுக்கும் தலைமறைவாக இயங்கிய கம்யூனிஸ்ட் கட்சிக்கும் அவர் சத்தமில்லாமல் பணம் கொடுத்து வந்தார் என்பது பிற்பாடு தெரியவந்தது. அவர் இறந்த சமயத்தில் இதைச் சொன்னவர் நோபல் பரிசு வாங்கிய எழுத்தாளர் சரமாகோ, அவரே கம்யூனிஸ்ட் கட்சிக்காரர். தன்னைத் தூற்றிய காலத்தில் இதை மேடை போட்டுச் சொல்லியிருந்தால் அமாலியா தப்பித்திருப்பார். சொல்லவில்லை. அது பெருந்தன்மையா, பிடிவாதமா, பயமா என்று எனக்குப் பிடிபடவில்லை. மூன்றும் கலந்திருக்கலாம்.

அந்தக் கசப்புக்குப் பிறகுதான் அவர் சொந்தமாக நிறைய எழுதினார். 1980இல் வந்த 'கோஸ்தாவா த செர் கெம் எரா' முழுக்க அவர் வரிகள். 1983இல் 'லாக்ரிமா'. அடுத்த வருஷம் உடம்பில் கட்டி என்று தெரிந்து, உயிரை விடும் எண்ணத்தோடு தனியாக நியூயார்க் போய் ஹோட்டலில் இருந்தாராம். அங்கே ஃப்ரெட் அஸ்டேரின் நடனப் படங்களை வீடியோவில் பார்த்துப் பார்த்து மனசு மாறித் திரும்பினார் என்று அவரே சொல்லியிருக்கிறார். 1985இல் லிஸ்பன் கோலிசேவு அரங்கில் பாடியபோது, போன ஜனங்கள் திரும்பி வந்தார்கள். 1999 அக்டோபர் 6இல் இறந்தார். தேர்தல் நேரம், கட்சிகள் பிரச்சாரத்தை நிறுத்தின, மூன்று நாள் தேசிய துக்கம். 2001இல் தேசிய நினைவாலயத்துக்கு உடலை மாற்றினார்கள், அங்கே இடம் பெற்ற முதல் பெண் அவர்.

அந்த நினைவாலயம் சாந்தா எங்க்ராசியா கோயில்தான். 1682இல் ஆரம்பித்து 1966இல் கட்டி முடித்தார்கள், நம் ஊர் மேம்பால வேலை எவ்வளவோ தேவலை. நீ இன்னும் உள்ளே போகவில்லை என்றாயே, போய்விட்டு வா. சனிக்கிழமை போ, பின்னாலேயே பழைய சாமான் சந்தை கூடும், செவ்வாயும் உண்டு. அங்கே 'புஸ்து' தட்டு கிடைக்கிறதா என்று பார். அப்பா பழைய பிளேயருக்கு ஊசி மாற்றி வைத்திருக்கிறார். வாங்குவதற்கு முன் வெளிச்சத்தில் பிடித்துக் கீறல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள், முதல் விலைக்கே சரி என்று சொல்லிவிடாதே. ரொம்ப விலை சொன்னால் விட்டுவிடு, அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அம்மா