கண்ட வடிவிலேயே சொல்லைத் தேட விடுங்கள்

வெல்ஷ், எபிரேய மொழிகளுக்கான கற்றல் செயலியையும் மின்னகராதியையும் வெளியிடும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம்.

உங்கள் புதிய பதிப்பில் தேடல் பெட்டி தலைச்சொல்லை, அதாவது அகராதியில் பதிவாகியிருக்கும் அடிப்படை வடிவத்தை மட்டுமே ஏற்கிறது. முன்பு எப்படி இருந்தது, எதற்காக மாற்றினீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். இந்த இரண்டு மொழிகளுக்கும் இம்மாற்றம் என்ன செய்கிறது என்பதை மட்டும் எழுதுகிறோம். எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: பக்கத்தில் கண்ட வடிவத்தை அப்படியே தட்டினால் சொல் கிடைக்க வேண்டும்.

தமிழில் பெரும்பாலும் சொல்லின் வால்தான் மாறும். மரங்கள், மரத்தை, மரக்கிளை எதுவானாலும் அகராதியில் 'மர' என்ற இடத்துக்குப் போனால் போதும். வெல்ஷில் தலையே மாறுகிறது. பாங்கோர் ஓர் ஊர். 'பாங்கோருக்கு' என்றால் 'இ வாங்கோர்'. 'பாங்கோரில்' என்றால் 'அம் மாங்கோர்'. பூனைக்குக் 'காத்'. 'என் பூனை' என்னும்போது அது 'ஙாத்' ஆகிறது. 'அவன்', 'அவள்' இரண்டு உடைமைக்கும் முன்னால் வரும் சொல் ஒன்றே. யாருடைய பூனை என்பதைப் பூனையின் முதலெழுத்துதான் சொல்கிறது: அவனுடையது என்றால் ககரம் மென்மையாகிறது, அவளுடையது என்றால் தொண்டையில் உரசுகிறது. ஆக நான்கு வடிவங்கள். உங்கள் தேடலுக்குத் தெரிந்தது ஒன்று.

தோட்டம் 'கார்த்'. குறித்த ஒரு தோட்டத்தைச் சொல்லும்போது 'அர் ஆர்த்' ஆகிவிடுகிறது. முதலெழுத்து இருந்த சுவடே இல்லை. மூன்றாம் வாரத்தில் இருக்கும் மாணவர் ஆகாரத்தில் தேடுவாரே தவிர ககரத்தில் ஏன் தேடப் போகிறார்? 'எதுவும் கிடைக்கவில்லை' என்று வந்ததும் புத்தகத்தில்தான் அச்சுப்பிழை என்று நினைத்துக்கொள்கிறார். தவறான பதில் வந்தால் இன்னும் மோசம். நெருப்புக்கு 'டான்'. 'உன் நெருப்பு' என்னும்போது அதன் முதலெழுத்து மென்மையாகிறது. வெல்ஷ்காரர்கள் 'சிறு கூரை' என்றே அழைக்கும் மேற்குறியை உங்கள் தேடல் உதிர்த்துவிடுவதால், 'கீழே' என்று பொருள்படும் வேறொரு சொல் வந்து நிற்கிறது. மாணவரும் அதையே எழுதிக்கொண்டு போகிறார்.

இதைச் சரிசெய்வது பெரிய வேலையல்ல. வெல்ஷில் திரியும் முதலெழுத்துகள் ஒன்பதுதான். மென்திரிபு ('அவன் பூனை'யில் கண்டது) ஒன்பதுக்கும், மூக்கொலித் திரிபு ('என் பூனை'யில் கண்டது) ஆறுக்கும், உரசொலித் திரிபு ('அவள் பூனை'யில் கண்டது) மூன்றுக்கும் உண்டு. இவற்றைத் தலைகீழாக்கி ஓர் அட்டவணை செய்யுங்கள். வகர ஒலியில் தொடங்கினால் பகரத்தையும் மகரத்தையும் பாருங்கள். உயிரெழுத்தில் தொடங்கினால் மென்ககரத்தை ('கார்த்' என்பதன் முதலெழுத்தை) முன்னால் ஒட்டிப் பாருங்கள். ஹகரம் இருந்தால் அதை நீக்கியும் பாருங்கள், 'அவளுடைய' என்ற சொல் உயிரெழுத்துக்கு முன் ஹகரத்தைச் சேர்க்கும். 'லான்' என்று வந்தால் அது கரையாகவும் இருக்கலாம், தேவாலயமாகவும் இருக்கலாம், இரண்டையும் காட்டுங்கள். எந்தச் சொல்லுக்கும் சோதிக்க வேண்டிய வடிவங்கள் மூன்று நான்கைத் தாண்டாது.

எபிரேயத்தில் தலை மாறுவதைவிட மூடப்படுவதே அதிகம். 'இல்', 'இலிருந்து', 'உம்', 'என்று', 'போல' போன்ற பொருள் தரும் ஏழு எழுத்துகள் சொல்லின் முன்னால் இடைவெளியின்றி ஒட்டும், ஒன்றன்மேல் ஒன்றாகவும் அடுக்கும். வீடு 'பாயித்'. 'வெஷெபபாயித்' என்று வந்தால் மூன்று எழுத்துகளை உரித்த பிறகே வீடு தெரியும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு உரிக்கவும் முடியாது: வெங்காயத்தைக் குறிக்கும் 'பட்சால்' என்பதன் அதே மூன்று எழுத்துகளை 'நிழலில்' என்றும் படிக்கலாம். உயிரொலிகளைக் காட்ட எழுத்துகளோடு இடும் உயிர்க்குறி இல்லாமல் எழுதும்போது நூலும் நாவிதரும் 'எண்ணினான்' என்ற வினையும் ஒரே எழுத்துகள்தாம். எல்லாவற்றையும் வரிசையாகக் காட்டுங்கள், தேர்வை வாசிப்பவர் செய்துகொள்வார்.

இன்னும் இரண்டு இடங்களில் உங்கள் தேடல் சறுக்குகிறது. 'மெலெக்' (அரசன்) என்பதன் கடைசி எழுத்துக்குத் தனி வடிவம், கணினியில் தனிக் குறியெண். பன்மையான 'மெலாக்கீம்' அதோடு பொருந்தாமல் போவதற்கு அதுவும் ஒரு காரணம்; இப்படிப்பட்ட ஐந்து எழுத்துகளையும் தேடும்போது மட்டும் இயல்பு வடிவத்தோடு சமமாகக் கொள்ளுங்கள். அடுத்து, உயிர்க்குறிகளை வெறுமனே நீக்குவது போதாது. மேசையைக் குறிக்கும் 'ஷுல்ஃகான்' குறியோடு எழுதினால் நான்கு எழுத்து. குறியில்லாமல் எழுதினால் நடுவில் 'வவ்' என்ற எழுத்து சேர்ந்து ஐந்து.

அச்சு அகராதிகளுக்கு இடமில்லை என்ற காரணமாவது இருந்தது. வேல்ஸ் பல்கலைக்கழகத்தின் பேரகராதி 1921இல் தொகுக்கத் தொடங்கப்பட்டு 2002இல்தான் முழுமையடைந்தது. எபிரேயத்தை மீண்டும் பேச்சுமொழியாக்கப் பாடுபட்ட பென் யெகுதாவின் எபிரேய அகராதி 17 தொகுதிகளாக, அவர் இறந்து 37 ஆண்டுகளுக்குப் பிறகு, 1959இல் நிறைவுற்றது. அந்த உழைப்பையெல்லாம் கையிலேந்தித் திரியும் இந்தக் காலத்தில், ஒரு பூனையைத் தேடி எடுக்க முடியவில்லை என்பதைப் பொறுத்துக்கொள்ள மனம் வரவில்லை.

உங்கள் அறிமுகப் பக்கம் இரண்டையும் 'பண்டைய உறவு மொழிகள்' என்கிறது. அதையும் நீக்கிவிடுங்கள். 17ஆம் நூற்றாண்டில் வேல்ஸ் அறிஞர் சிலர் அப்படி நம்பினார்கள். வெல்ஷ் இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தின் கெல்டிக் கிளை. எபிரேயம் செமித்திய மொழி. ஒற்றுமைகள் உண்மைதான். இரண்டிலும் 'மேல்' என்ற சொல் ஆளுக்கேற்ப விகுதி ஏற்கும்: 'அவள்மேல்' என்பது வெல்ஷில் 'ஆர்னி', எபிரேயத்தில் 'அலேஹா'. இரண்டிலும் உடைமையைச் சொல்லத் தனி வினை இல்லை, 'என்னிடம் பூனை இருக்கிறது' என்றுதான் சொல்ல வேண்டும். தமிழிலும் அப்படித்தானே? அதனால் மூன்றும் உறவாகிவிடுமா? உறவு தேடும் அக்கறையில் ஒரு பங்கை 'ஆர்னி', 'அலேஹா' இரண்டையும் தேடலில் சேர்ப்பதற்குச் செலவிட்டிருந்தால் மாணவர்கள் பிழைத்திருப்பார்கள்.

சற்றுக் கடுமையாக எழுதிவிட்டோம், பொறுத்தருள்க. அடுத்த பதிப்பில் கண்ட வடிவத்தையே தேடும் வசதியைத் தாருங்கள். முதலில் வெல்ஷின் அட்டவணை, பிறகு எபிரேயத்தின் ஏழு முன்னொட்டுகள் என்று படிப்படியாகச் செய்தாலும் போதும். திரிபு அட்டவணையையும், சோதித்துப் பார்க்க இருநூறு சொற்களையும் தட்டச்சிட்டு அனுப்ப நாங்கள் தயார். எந்த முகவரிக்கு அனுப்புவது என்று மட்டும் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
வெல்ஷும் எபிரேயமும் கற்பிக்கும் தமிழர் சிலர்