வளைந்த படிகத்தில் கவனிக்க வேண்டியது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வளையும் படிகங்களைப் பற்றிய செய்திகள் நாளிதழ்களில் வரும்போதெல்லாம், மடக்கக்கூடிய கைப்பேசி, விண்கலப் பாகம் என்று நாளை கிடைக்கக்கூடிய பயன்களே முன்னிற்கின்றன. படிகம் உடையாமல் எப்படி வளைகிறது என்பது ஓரிரு வரிகளில் முடிந்துவிடுகிறது. என் கருத்தில், இத்துறை ஆய்வுகளின் சாரமே அந்த ஓரிரு வரிகளில்தான் இருக்கிறது.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தினரும் குயின்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினரும் இணைந்து, 2018-ஆம் ஆண்டு ‘நேச்சர் கெமிஸ்ட்ரி’ இதழில் வெளியிட்ட ஆய்வை எடுத்துக்கொள்ளலாம். ஊசிபோல் நீண்டு வளரும் தாமிர அசிட்டைலசிட்டோனேட் படிகத்தை முடிச்சுப் போடும் அளவுக்கு வளைக்க முடியும் என்றும், விட்டதும் அது விரிசலின்றி நிமிர்ந்துவிடும் என்றும் அவர்கள் காட்டினார்கள். சேர்மம் புதிதன்று, வேதியியல் ஆய்வகங்களில் நெடுங்காலமாகப் புழங்குவதுதான். மீள்தன்மையோடு வளையும் படிகங்களும் முன்பே அறியப்பட்டவை. 2012-இலேயே கொல்கத்தாவிலுள்ள இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தினர் காஃபீன் வேறு சேர்மத்தோடு சேர்ந்து ஒரே படிகமாக உருவாகும் இணைப்படிகம் ஒன்றில் இதை வெளியிட்டிருக்கிறார்கள். ஆனால் அதுவரை தரப்பட்ட விளக்கங்கள் பெரும்பாலும், நேராக இருக்கும் படிகத்தின் அமைப்பைப் பார்த்துவிட்டு, வளைக்கும்போது இன்னது நடக்கும் என்று உய்த்துணர்ந்தவை.

குயின்ஸ்லாந்து ஆய்வாளர்களோ வளைந்த நிலையிலேயே படிகத்தை அளந்தார்கள். மெல்பர்ன் நகரிலுள்ள ஆஸ்திரேலிய சிங்க்ரோட்ரானின் (செறிந்த எக்ஸ் கதிர்களை உண்டாக்கும் பெரிய துகள்முடுக்கியின்) மிக நுண்ணிய எக்ஸ் கதிர்க் கற்றையை வளைவின் வெளிவிளிம்பிலிருந்து உள்விளிம்பு வரை சிறிது சிறிதாக நகர்த்தி, ஒவ்வோர் இடத்திலும் மூலக்கூறுகள் எவ்வாறு அமைந்திருக்கின்றன என்பதைக் கண்டறிந்தார்கள். வெளிப்புறத்தில் படிகத்தின் நீளவாட்டில் மூலக்கூறுகளின் இடைவெளி கூடுகிறது, உட்புறத்தில் குறைகிறது. அதற்கு ஈடாக, தட்டையான மூலக்கூறுகள் தத்தம் இடத்திலேயே சற்றுத் திரும்பிக்கொள்கின்றன. விசை நீங்கியதும் பழைய நிலைக்கே வந்துவிடுகின்றன. இடைவெளியில் ஏற்படும் இம்மாற்றங்கள் ஓர் ஆங்ஸ்ட்ராமின் சிறு பின்னங்களே. ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் ஒரு கோடியில் ஒரு பங்கு என்பதை நினைத்தால், இந்த அளவீட்டின் நுட்பம் விளங்கும்.

எல்லாப் படிகங்களும் இப்படி வளைவதில்லை. சிலவற்றில் மூலக்கூறு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நகர்கின்றன. அவை வளைந்தால் வளைந்தபடியே நிற்கும். நிமிரும் வகையிலுங்கூட, ஒரு சேர்மத்தில் கண்டதை மற்றொன்றுக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. தனித்தனியே அளந்துதான் அறிய வேண்டும். இந்த வேறுபாடுகள் செய்திகளில் இடம்பெறாததால், எல்லாமே ரப்பரைப் போன்ற ஏதோ ஒரு புதுப்பொருள் என்று வாசகர் எண்ணிக்கொள்ள நேர்கிறது.

அடுத்த முறை இத்தகைய செய்தியை வெளியிடும்போது, எந்தப் படிகம், எந்த வகை வளைவு, அணுக்களின் இடமாற்றம் எப்படி அளக்கப்பட்டது என்ற விவரங்களையும், நேரான நிலையையும் வளைந்த நிலையையும் அருகருகே காட்டும் ஒரு வரைபடத்தையும் சேர்த்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். இடம் போதவில்லையெனில், இன்னும் கைக்கு வராத பயன்களைப் பற்றிய பத்தியைச் சுருக்கிக்கொள்ளலாம்.

இங்ஙனம்,
படிகவியலில் ஆர்வமுள்ள வாசகர்