பத்மினிக்கு மின்விசிறி

அன்புள்ள கதிர்,

நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். தாத்தாவின் பழைய பத்மினி காரில், ரேடியேட்டரைக் குளிர்விக்கப் பெல்ட்டால் சுழலும் விசிறியை எடுத்துவிட்டு மின்விசிறி பொருத்தலாம் என்ற உன் முடிவு சரியானதுதான். பழைய விசிறி தண்ணீர்ப் பம்பின் முனையிலேயே அமர்ந்து எஞ்சினின் வேகத்துக்கு ஏற்பச் சுற்றுவது. புனேயின் நெரிசலில் முதல் கியரில் ஊரும்போது, காற்று மிகவும் தேவைப்படும் அந்த நேரத்தில், அது சோம்பலாகச் சுற்றும்; நெடுஞ்சாலையில் காற்று தானாகவே முகப்பில் வந்து மோதும்போதோ தேவையில்லாமல் விரைந்து சுற்றும். ஆனால், "டைரக்டாகக் கொடுத்துவிடலாம், டேஷ்போர்டில் ஒரு ஸ்விட்ச் வைத்துக்கொள்ளுங்கள்" என்று உன் மெக்கானிக் சொன்னதாக எழுதியிருக்கிறாயே, அதற்கு மட்டும் சம்மதிக்காதே. அதற்கான காரணத்தைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

விசிறி மோட்டாரின் மேல் 120 வாட் என்று இருந்தால், 12 வோல்ட்டில் அது 10 ஆம்பியர் இழுக்கும். நின்ற நிலையிலிருந்து கிளம்பும் கணத்தில் இதைப் போல் இரண்டு, மூன்று மடங்கு இழுக்கும். இத்தனை மின்னோட்டமும் நாற்பது ஆண்டு பழகிய சாவி ஸ்விட்ச் வழியாகவும், டேஷ்போர்டு வரை போய்த் திரும்பும் மெல்லிய ஒயர் வழியாகவும் ஓடினால், ஸ்விட்சின் முனைகள் கருகும். வழியிலேயே மின்னழுத்தம் குறைந்து விசிறியும் தளர்ந்துபோகும். கணக்குப் போட்டுப் பார். 1 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயருக்கு மீட்டருக்கு ஏறத்தாழ 18 மில்லி ஓம் மின்தடை. போக வர 3 மீட்டர் என்றால், 10 ஆம்பியரில் அரை வோல்ட்டுக்கு மேல் ஒயரிலேயே போய்விடும். 4 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டால் இந்த இழப்பு 0.14 வோல்ட்டுக்குள் அடங்கும். வீட்டு வயரிங்குக்குப் பயன்படும் ஒற்றைக் கம்பி ஒயர் வேண்டாம், அதிர்விலேயே முறிந்துவிடும். பல இழைகள் கொண்ட ஆட்டோ கேபிளாகக் கேட்டு வாங்கு.

ஆகவே இந்த வேலையை இரண்டு தனித்தனிச் சுற்றுகளாக நினைத்துக்கொள்: ஒன்று உழைக்கும் சுற்று, மற்றது கட்டளையிடும் சுற்று. இரண்டும் சந்திக்கும் இடம் ரிலே, அதாவது சிறிய மின்னோட்டத்தைக் கொண்டு பெரிய மின்னோட்டத்தை இணைக்கும் ஸ்விட்ச். உழைக்கும் சுற்றில், பேட்டரியின் நேர்முனையிலிருந்து ஃப்யூஸ், அதிலிருந்து ரிலேயின் 30ஆம் முனை, 87ஆம் முனையிலிருந்து விசிறி, விசிறியிலிருந்து எர்த், அதாவது பேட்டரியின் எதிர்முனை சேரும் வண்டியின் உடல் தகடு. ரிலே 30 அல்லது 40 ஆம்பியர் வகையாக இருக்கட்டும். 87ஏ என்று ஐந்தாவது முனை ஒன்று இருந்தால் அதைத் தொடாதே; ரிலே ஓய்ந்திருக்கும்போது இணைந்திருப்பது அது. அங்கே மாற்றிக் கொடுத்துவிட்டால் வண்டியை நிறுத்திய பிறகும் விசிறி ஓடி, இரவோடு இரவாகப் பேட்டரியைத் தீர்த்துவிடும்.

ஃப்யூஸ் பேட்டரிக்கு ஒரு சாண் தொலைவுக்குள் இருக்க வேண்டும். அது காப்பது விசிறியை அல்ல, ஒயரை. பேட்டரிக்கும் ஃப்யூஸுக்கும் இடையிலுள்ள ஒயர் எங்காவது உரசித் தகட்டில் பட்டால் அதைத் தடுக்க ஒன்றுமே இல்லை என்பதால்தான் அந்தத் துண்டைக் குட்டையாக வைக்கச் சொல்கிறேன். உன் விசிறிக்கு 20 ஆம்பியர், அதாவது மஞ்சள் நிற பிளேடு ஃப்யூஸ் போதும். அது போய்விட்டால் ஏன் போனது என்று தேடு. பச்சை நிற 30 ஆம்பியரைச் செருகிவிட்டுப் பயணத்தைத் தொடராதே.

கட்டளைச் சுற்றுக்கு மிகச் சிறிய மின்னோட்டம் போதும். ரிலேயின் சுருள் இழுப்பது ஏறத்தாழ 0.15 ஆம்பியர்தான். சாவியைத் திருப்பினால் மட்டும் மின்சாரம் வரும் ஓர் இணைப்பிலிருந்து 86ஆம் முனைக்குக் கொடு; 85ஆம் முனையிலிருந்து தெர்மோ ஸ்விட்சுக்கும், அங்கிருந்து எர்த்துக்கும் கொண்டுபோ. தண்ணீர் சூடானதும் தெர்மோ ஸ்விட்ச் இணைந்து எர்த் கொடுக்கும், ரிலே இழுக்கும், விசிறி எழும். உன் மெக்கானிக் விரும்பும் கை ஸ்விட்சையும் வைத்துக்கொள்ளலாம்; ஆனால் 85க்கும் எர்த்துக்கும் இடையே, தெர்மோ ஸ்விட்சுக்கு இணையாகத்தான் வைக்க வேண்டும். கம்பாட்கி மலைப்பாதை ஏறும் முன்பே விசிறியை ஓட விட நினைத்தால் அது உதவும். 85, 86 முனைகளுக்குக் குறுக்கே மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் 1என்4007 டையோடு ஒன்றைப் போட்டால் ரிலே விடும்போது எழும் மின்னழுத்தத் துள்ளல் தெர்மோ ஸ்விட்சின் முனைகளைத் தீய்க்காது. வெள்ளிக்கோடு உள்ள பக்கம் 86இல் சேர வேண்டும். மாற்றிப் போட்டால் சுருளுக்குக் குறுக்கே ஷார்ட் ஆகிவிடும். (பாலிடெக்னிக்கில் என் மாணவர்கள் அதிகமாக எரித்தது டையோடுகளைத்தான்.)

நீ கேட்காத ஒன்று, தெர்மோ ஸ்விட்சின் இடம். ரேடியேட்டரின் மேல் ஹோஸை வெட்டி இடையில் குழாய்த் துண்டு ஒன்றைச் செருகி, அதில் ஸ்விட்சைத் திருகுவது எளிய வழி. ஆனால் கூலண்ட் அளவு குறைந்தால் முதலில் காலியாவது மேல் ஹோஸ்தான்; ஸ்விட்சைச் சுற்றித் தண்ணீர் இல்லாமல் வெறும் ஆவியும் காற்றும் இருந்தால், எஞ்சின் கொதிக்கும்போதும் விசிறி எழாமல் போகலாம். மேலும், அந்தத் துண்டின் இருபுறமும் ரப்பர் என்பதால் ஒரே முனையுள்ள ஸ்விட்சுக்கு எர்த்தே கிடைக்காது. உன் ரேடியேட்டர் செம்பும் பித்தளையுமாக ஆனது; ரேடியேட்டர் பட்டறையில் கொடுத்தால் கீழ் டேங்கில் மரை வெட்டிய பித்தளை புஷ் ஒன்றை ஈயம் வைத்துப் பற்றவைத்துத் தருவார்கள். அதுவே எனக்குச் சரியாகப் படுகிறது. இரண்டு முனையுள்ள ஸ்விட்சாக வாங்கி, எர்த்துக்குத் தனி ஒயர் கொடு.

வெப்பநிலையைக் கடைக்காரரின் விருப்பத்துக்கு விடாதே. 92 டிகிரி செல்சியஸில் இணைந்து 87இல் விடும் ஸ்விட்ச் பரவலாகக் கிடைக்கிறது. மேல் டேங்குக்கு அது பொருந்தும். கீழ் டேங்குக்கு வருவது ஆறிய தண்ணீர் என்பதால், அங்கே அதையே வைத்தால் விசிறி தாமதமாக எழும். 87 அளவில் இணைவதைத் தேடு. அதற்காக இன்னும் குறைத்துக்கொண்டே போகாதே. எஞ்சினின் சூடான தண்ணீரை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட் திறக்கும் வெப்பநிலைக்கும் கீழே போனால் விசிறி ஓயாமல் ஓடி மோட்டாரின் கார்பன் பிரஷ்களைத் தின்றுவிடும்.

தாத்தா டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் போட்டிருந்ததால்தான் இந்த மாற்றத்துக்கே ஒப்புக்கொள்கிறேன். வண்டி நிற்க எஞ்சின் மட்டும் மெல்ல ஓடும் ஐட்லிங்கில் டைனமோவால் மின்சாரம் அதிகம் தர இயலாது. மழை இரவில், நெரிசலில், ஹெட்லைட்டும் வைப்பரும் மின்விசிறியும் சேர்ந்து கேட்டால் பேட்டரியிலிருந்துதான் அத்தனையும் போகும்.

விசிறியை ரேடியேட்டருக்குப் பின்னால், காற்றை எஞ்சின் பக்கம் இழுக்கும்படி பொருத்து. ரேடியேட்டரின் துடுப்புகளுக்குள் நுழைத்துக் கட்டும் பிளாஸ்டிக் பட்டைகள் வேண்டாம். தகடு வளைத்துத் தாங்கி செய். ஓட விட்டு, முன்பக்கம் ஒரு தாளை நீட்டினால் அது ரேடியேட்டரில் ஒட்டிக்கொள்ள வேண்டும். தள்ளப்பட்டால் மோட்டாரின் இரு ஒயர்களும் மாறியிருக்கின்றன. பழைய விசிறியின் இலைகளைக் கழற்றினாலும் பெல்ட் இருக்க வேண்டும். பம்பும் ஆல்டர்னேட்டரும் அதில்தான் ஓடுகின்றன.

வேலை தொடங்கும் முன் பேட்டரியின் எதிர்முனையை முதலில் கழற்று. முடித்தபின் விசிறி ஓடும்போது மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நேர்முனையிலும், மற்றதை விசிறியின் நேர் ஒயரிலும் வைத்துப் பார். பிறகு எதிர்ப்பக்கத்தையும் அவ்வாறே பார். ஒவ்வொன்றும் கால் வோல்ட்டுக்குள் இருக்கட்டும். எதிர்ப்பக்கம் அதிகமாகக் காட்டினால் எர்த் போல்ட்டின் அடியில் பெயிண்ட் இருக்கும். சுரண்டிவிட்டுப் பல் வாஷர் போட்டு முறுக்கு. அதன் பின் வீட்டு வாசலில் ஐட்லிங்கிலேயே நிறுத்தி வை. விசிறி தானாக எழுந்து தானாக நிற்பதை மூன்று முறையாவது பார்த்த பிறகு காத்ரஜ் பக்கம் போ. மல்டிமீட்டர் காட்டிய இரண்டு அளவுகளையும் எனக்கு எழுதி அனுப்பு.

அன்புடன்,
அம்மா